வேலியில் ஒன்று, கோரையில் ஒன்று: பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



பொங்கல் விடுமுறையில் ஏரிக்கரை, வயல்வரப்பு, தோப்பு, பள்ளி மைதானம், மொட்டைமாடி என்று ஆளுக்கோர் இடத்தில் நின்று பறவைகளைக் கணக்கெடுக்கப் போகிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். 2015-இல் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை, விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. ஓரிடத்தில் 15 நிமிடமாவது பொறுமையாக இருந்து, கண்டதையும் கேட்டதையும் எழுதினால் போதும். அப்படி எழுதிய மாணவர்கள், ஆசிரியர்கள், விவசாயிகள், இல்லத்தரசிகள் ஆகியோரின் பட்டியல்கள்தான் இன்று பல ஏரிகளைப் பற்றி நம் கையில் இருக்கும் ஒரே குளிர்காலப் பதிவு. அந்தப் பட்டியல்களை நான் மதிக்கிறேன். அதனால்தான் அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஒரு குழப்பத்தைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும் என்று தோன்றியது.

பேச வேண்டியது இரண்டு சின்னப் பறவைகளைப் பற்றி. ஒன்று பிளைத் நாணல் கதிர்க்குருவி. மற்றொன்று வயல் கதிர்க்குருவி. இரண்டும் அக்ரோசெஃபாலஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டும் சிட்டுக்குருவியைவிடச் சின்னவை, மெலிந்தவை. முதுகு பழுப்பு, வயிறு வெளுப்பு. சிறகில் பட்டை கிடையாது, மார்பில் கோடு கிடையாது. இரண்டும் வடக்கே இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தை நம்மோடு கழிக்க வருகின்றன. ஒளிந்து வாழ்வதே இரண்டின் இயல்பும்.

கதிர்க்குருவிகளின் பகுதி வந்ததும் நம் பட்டியல்களில் இரண்டு பழக்கங்கள் தெரிகின்றன. புதருக்குள் ஒரு பழுப்பு அசைந்தால் பிளைத் என்று எழுதிவிடுகிறோம். நெல்வயல் ஓரத்தில் ஒரு பழுப்பு பறந்தால் வயல் கதிர்க்குருவி என்று எழுதிவிடுகிறோம். இரண்டிலும் பெயர் முன்னால் வந்துவிடுகிறது, பார்ப்பது பின்தங்கிவிடுகிறது.

பிளைத்திலிருந்து தொடங்குகிறேன். உங்களில் பெரும்பாலானவர்கள் அதைப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே கேட்டிருப்பீர்கள். செப்டம்பர், அக்டோபரில் ஒருநாள் காலையில் வீட்டு வேலியிலிருந்தோ, மருதாணிப் புதரிலிருந்தோ, சீமைக் கருவேலத்திலிருந்தோ ‘டெக்… டெக்…’ என்று ஒரு குரல் வரும். நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்துச் சட்டென்று விடுவித்தால் எழுகிற சொடுக்கைப் போன்ற ஒலி. சில நொடி இடைவெளி விட்டு, அலுக்காமல் வந்துகொண்டே இருக்கும். ஒலி வந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் இலைகள் அசையும், பறவை தெரியாது. ஏப்ரல்வரை, சில சமயம் அதற்குப் பிறகும்கூட, அதே புதரிலிருந்து அதே சொடுக்கு கேட்கும். குளிர்காலத்தில் இது கூட்டமாகத் திரிவதில்லை. தனக்கென்று ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இரை தேடும். உங்கள் வீட்டுக் கொல்லையில் இந்தக் குளிர்காலம் முழுதும் கேட்ட குரல் பெரும்பாலும் ஒரே பறவையுடையதாகவே இருக்கும்.

இதற்குத் தண்ணீர் அவசியமில்லை. நாணலும் அவசியமில்லை. தோப்பு, புதர்க்காடு, காட்டு விளிம்பு, தோட்டம், ரயில்வே பாதையோரப் புதர் எல்லாம் போதும். சென்னை நகருக்குள் கொஞ்சம் புதர் மிஞ்சிய கல்லூரி வளாகங்களிலும் உண்டு, மலையடிவாரங்களிலும் உண்டு. இலங்கையிலும் குளிர்காலத்தில் மிகப் பரவலாகக் காணப்படுவது இதுவே.

கிளம்பும் காலம் நெருங்கும்போது இந்தப் பறவையிடம் ஒரு மாற்றம் வரும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் சொடுக்கோடு நிறுத்தாமல், தாழ்ந்த குரலில் பாட்டை ஒத்திகை பார்க்கத் தொடங்கும். இனப்பெருக்க நிலத்துக்குப் போனபின் இரவெல்லாம் பாடும் பறவை இது. ஒவ்வொரு அடியையும் பலமுறை திருப்பிச் சொல்லி, நிதானமாக அடுத்ததற்குப் போகும். நடுநடுவே பிற பறவைகளின் குரலையும் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பாட்டின் முதல் ஒத்திகை நம் முருங்கை மரத்தடியில் நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். பொங்கலோடு இருநோக்கியை மூடி வைத்துவிடாமல் ஏப்ரல் அதிகாலையிலும் ஒருமுறை வெளியே வாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

வயல் கதிர்க்குருவி வேறு மாதிரி. அதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்குள்ளோ விளிம்பிலோ செங்குத்தாக நிற்கும் தாவரம் வேண்டும். சம்பு, கொறுக்கை, நாணல், உயர்ந்த கோரை, ஈரமான கரும்புத் தோட்டம், நீர் நிற்கும் வளர்ந்த நெற்பயிர் ஆகியவைதான் அதன் இடங்கள். தண்டுகளை இரு கால்களாலும் பற்றிக்கொண்டு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு தண்டிலிருந்து அடுத்த தண்டுக்குத் தாவித் தாவிப் போகும். வாலை அடிக்கடி சுண்டும், சில நேரம் தூக்கிப் பிடிக்கும். குரலிலும் அந்த உறுதியான சொடுக்கு இல்லை. மென்மையான ‘சிக்… சிக்’. தொந்தரவு செய்தால் கொஞ்சம் கரகரத்து ‘ட்ர்ர்’ என்று இழுக்கும். அதுவும் பிளைத்தைப் போல மணிக்கணக்காக விடாமல் ஒலிப்பதில்லை. அதனால் காதை மட்டும் நம்பிக் கணக்கெடுப்பவருக்கு இது எளிதில் தப்பிவிடும்.

நம் மாநிலத்தில் பிளைத் எங்கும் உண்டு. வயல் கதிர்க்குருவி அங்கொன்றும் இங்கொன்றுமாக, பொருத்தமான ஈரநிலங்களில் மட்டும் உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்ற அடையாளங்களுக்குள் போக வேண்டும்.

முகத்தை முதலில் பாருங்கள். வயல் கதிர்க்குருவியின் புருவக்கோடு வெளிறிய நிறத்தில் நீளமாக ஓடும். கண்ணைத் தாண்டிப் பின்னாலும் தெளிவாகத் தொடரும். அதற்கு மேலே, தலை உச்சியின் ஓரமாக, ஒரு கருமையான விளிம்பு. கீழே, கண்ணின் பின்புறமிருந்து ஒரு இருண்ட கோடு. இரண்டு இருட்டுக்கும் நடுவில் இருப்பதால் புருவம் பளிச்சென்று எடுபடுகிறது. முகத்துக்கு ஒரு கூர்மை வந்துவிடுகிறது. கழுத்தின் பக்கவாட்டில் வெளுப்பு கொஞ்சம் மேலேறிப் பாதிக் காலர் கட்டியதுபோலவும் சில கோணங்களில் தெரியும். பிளைத்தின் முகமோ சாந்தமானது. அதன் புருவக்கோடு அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில் சற்றுப் பருத்துத் தெரியும், கண்ணுக்குப் பின்னால் மங்கிக் கரைந்துவிடும். மேலே கரிய விளிம்பு கிடையாது.

அடுத்து அலகு. பிளைத்தின் அலகு நீளம், சற்றுக் கனமும் உண்டு. அதனால் தலையே முன்னோக்கி இழுத்துவிட்டாற்போல் நீண்டு தெரியும். வயல் கதிர்க்குருவியின் அலகு குட்டை. கீழ் அலகு இளஞ்சிவப்பு கலந்த வெளிர்நிறம், நுனி மட்டும் கருமை. பக்கவாட்டில் நன்றாக ஒரு படம் எடுக்க முடிந்தால் முகமும் அலகும் மட்டுமே பெரும்பாலும் முடிவு சொல்லிவிடும். ஆகவே கேமரா வைத்திருப்பவர்கள் முழுப் பறவை தெரியவில்லையே என்று வருந்த வேண்டாம். தலை தெளிவாக விழுந்த ஒரே படம் போதும்.

சிறகுக்கு வருவோம். சிறகை மடித்து உட்கார்ந்திருக்கும்போது முதுகை ஒட்டி மேலாக இருக்கும் மூன்று இறகுகளைக் கவனியுங்கள். வயல் கதிர்க்குருவியில் அவற்றின் நடுப்பகுதி கருமை, ஓரம் வெளிர். அதனால் சிறகில் ஒரு வரைவு தெரியும். பிளைத்தின் சிறகு ஒரே தட்டையான பழுப்பு. எந்த இறகு எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்வதே கடினம். இரண்டுக்கும் சிறகு நுனி குட்டைதான். வயல் கதிர்க்குருவிக்கு வால் சற்று நீளமாகத் தோன்றுவதால் சிறகு இன்னும் குட்டையாகத் தெரியும்.

நிற்கும் விதமும் உதவும். பிளைத் உடலைக் கிடைமட்டமாக வைத்துக்கொண்டு, அலகையும் வாலையும் சற்று மேல்நோக்கி வளைத்து நிற்பது வழக்கம். இலைக்கடியில் இருக்கும் பூச்சியை அண்ணாந்து பார்த்துக் கொத்தும் பறவைக்கு அந்த நிலை வசதி. தண்டைப் பிடித்து வாழும் பறவைக்கு அது தேவைப்படுவதில்லை.

நிறத்தை வேண்டுமென்றே கடைசியாக வைத்திருக்கிறேன். நம்மில் பலர் நிறத்திலிருந்துதான் தொடங்குகிறோம். புத்தகத்தில் வயல் கதிர்க்குருவி செம்பழுப்பு என்றும், பிட்டம் இன்னும் சிவந்திருக்கும் என்றும், விலாவில் மஞ்சள் கலந்த சந்தன நிறம் என்றும் இருக்கும். பிளைத் சாம்பல் கலந்த ஆலிவ் பழுப்பு என்று இருக்கும். இறகு புதிதாக இருக்கும்போது அது சரிதான். ஆனால் குளிர்காலம் ஏற ஏற வெயிலிலும் உராய்விலும் இறகு தேய்கிறது, வெளுக்கிறது. ஜனவரியில் நாம் பார்க்கும் வயல் கதிர்க்குருவி புத்தகப் படத்தில் உள்ளதைவிட வெளிறியிருக்கலாம். அந்த ஆண்டு பிறந்த இளம் பிளைத்தின் சிறகில் இளஞ்சூடான பழுப்பு படிந்திருக்கலாம். மாலை வெயில் எல்லாப் பறவைகளையும் செம்பழுப்பாக்கிவிடும். நிறத்தைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் தீர்ப்பு அதன் கையில் இருக்கக் கூடாது.

இந்த இரண்டோடு மட்டும் குழப்பம் முடிவதில்லை. இடூனா பேரினத்தைச் சேர்ந்த பூட்டட், சைக்ஸ் கதிர்க்குருவிகளும் இதே பழுப்பில் இதே மாதங்களில் வருகின்றன. வாலின் வெளி இறகில் வெளுப்பு ஓரமும், வாலடி இறகுகள் குட்டையாக இருப்பதும் அவற்றைப் பிரித்துக்காட்டும். அக்ரோசெஃபாலஸ் பேரினத்து நாணல் கதிர்க்குருவிகளுக்கோ வாலடி இறகுகள் நீளம், வால்நுனி வட்டம். சம்புக்குள்ளிருந்து உரத்த கரகரப்பான குரலில் கத்தும், கொண்டைக்குருவி அளவுள்ள பெரிய நாணல் கதிர்க்குருவியை இந்தச் சின்னவற்றோடு குழப்ப வேண்டியதில்லை. அளவே சொல்லிவிடும்.

இவ்வளவு சொன்னபிறகும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஏரிக்கரையில் வேலிப்புதர் முடிந்து சம்பு தொடங்கும் அந்த ஓரத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடும். இடம் ஒரு துப்புத் தருகிறது, அடையாளம் தருவதில்லை. கரும்புக்குள் பிளைத் நுழையாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. வரப்பில் நிற்கும் கருவேலத்திலிருந்து ‘டெக்’ என்று கேட்டால், சுற்றிலும் நெல்லாக இருந்தாலும் அது பிளைத்தான். அறுவடை முடிந்து தாளாக நிற்கும் வயலில் வயல் கதிர்க்குருவிக்கு ஒளிய இடமில்லை. பக்கத்து வாய்க்கால் கோரையில்தான் அதைத் தேட வேண்டும்.

“ஒரு சின்னப் பறவையின் பெயர் மாறிப்போனால் என்ன குடி முழுகிவிடும்?” என்று கேட்பவர்கள் உங்களில் இருக்கலாம். அவர்களுக்காக ஒரு மூன்றாவது பறவையின் கதையைச் சொல்கிறேன். பிளைத்தின் மிக நெருங்கிய உறவான பறவை அது.

1867 நவம்பர் 13 அன்று, சட்லெஜ் பள்ளத்தாக்கில், இன்றைய இமாச்சலப் பிரதேசத்தின் ராம்பூர் அருகே, ஆலன் ஆக்டேவியன் ஹியூம் ஒரு கதிர்க்குருவியைச் சேகரித்தார். 1885-இல் காங்கிரஸ் பேரியக்கம் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான். பறவையியலில் அவர் உழைப்பு அரசியல் உழைப்புக்குக் குறைந்ததல்ல. அந்தப் பறவையின் அலகு வழக்கத்தைவிட நீளமாக, பெரியதாக இருந்ததைக் கவனித்து அதைத் தனி இனம் என்று அறிவித்தார். அவர் வைத்த அறிவியல் பெயர் முன்பே வேறொன்றுக்குப் பயன்பட்டிருந்ததால், 1905-இல் அது அக்ரோசெஃபாலஸ் ஒரைனஸ் என்று மாற்றப்பட்டது. அதற்கப்பால் அந்தப் பறவையை யாரும் பார்க்கவில்லை. இருந்தது ஒரே ஒரு பாடம்செய்த உடல். பெரிய நாணல் கதிர்க்குருவியின் திரிந்த வடிவமாக இருக்கலாம் என்று சிலர் ஒதுக்கினார்கள்.

2002-இல் ஸ்தாஃபான் பென்ஷ், டேவிட் பியர்சன் இருவரும் அந்தப் பழைய உடலிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். ஹியூம் சொன்னது சரி, அது தனி இனமே என்று தெரிந்தது. 2006 மார்ச் 27 அன்று தாய்லாந்தின் லேம் பக் பியா என்ற இடத்தில், ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், பறவைகளுக்கு வளையமிட்டுக்கொண்டிருந்த பிலிப் ரவுண்ட் கையில் நீண்ட அலகுடைய ஒரு கதிர்க்குருவி சிக்கியது. அவர் அதைப் பிளைத் என்று குறித்துவிட்டுப் பறக்கவிட்டிருக்கலாம். அவ்வளவு ஒற்றுமை. ஆனால் அலகின் நீளமும் சிறகின் குறுமையும் அவருக்கு ஒட்டவில்லை. அளவெடுத்தார், படமெடுத்தார், இரண்டு இறகுகளை எடுத்து மரபணு ஆய்வுக்கு அனுப்பினார். ஹியூமுக்குப் பிறகு 139 ஆண்டுகள் கழித்து அந்த இனத்தை உயிரோடு கண்டுகொண்டவர் அவர்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதற்கடுத்து நடந்ததுதான். இப்படியொரு இனம் இருக்கிறது என்று உறுதியானதும் ஆய்வாளர்கள் அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளைத் திறந்தார்கள். இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்தில், பிளைத் என்று பெயரிட்டு அடுக்கியிருந்த உடல்களுக்கு நடுவே இன்னொரு ஒரைனஸ் கிடைத்தது. அதன்பின் மேலும் பல சேகரிப்புகளைப் பார்த்து, மேலும் பத்து மாதிரிகளை 2008-இல் அறிவித்தார்கள். வேறு பெயரில் படுத்திருந்ததால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அவை யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அந்தப் பெயர்ச்சீட்டை எழுதியவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். அந்தக் காலத்தில் கைதேர்ந்தவர்கள். எது சாதாரணமோ அதுவே இதுவும் என்று எண்ணினார்கள், அவ்வளவுதான்.

அது எங்கே கூடு கட்டுகிறது என்பது மட்டும் மிச்சமிருந்தது. 2008-இல் ஆப்கானிஸ்தானின் வடகிழக்கு மூலையில், பதக்ஷான் பகுதியில், ஆற்றோரப் புதர்களில் பாடிய ஒரு பறவையின் குரலை ராபர்ட் டிமின்ஸ் பதிவு செய்தார். அவரும் முதலில் அதைப் பிளைத் என்றே நினைத்தார். ட்ரிங் போய்ப் பாடம்செய்த உடல்களோடு ஒப்பிட்டபோதுதான் அது வேறு என்று புரிந்தது. மறு ஆண்டு அங்கே வலையிட்டுப் பிடித்து, மரபணு பார்த்து உறுதிசெய்தார்கள்.

ரவுண்டுக்கும் டிமின்ஸுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இருவரும் பெயருக்கு முன்னால் அளவுகளையும் படத்தையும் ஒலியையும் சேர்த்துவைத்தார்கள். பெயர் தவறாக இருந்தாலும் அந்த ஆதாரம் பின்னால் வந்து திருத்திவிடும். ஆதாரமே இல்லாத பெயரைத் திருத்த யாராலும் முடியாது. நம் பட்டியல்கள் அடுத்த நூற்றாண்டின் இழுப்பறைகள். அதில் என்ன பெயரில் எதை வைக்கிறோம் என்பதில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் இதுதான்.

நம் இரண்டு பறவைகளுக்கும் பெயர் வந்த இடங்களும் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன. வயல் கதிர்க்குருவியை 1845-இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் தாமஸ் ஜெர்டன். மதராஸ் படையின் மருத்துவர், நெல்லூரில் பணியாற்றியவர், நம் தென்னிந்தியப் பறவைகளை நாட்குறிப்பு எழுதுவதுபோல் விடாமல் எழுதியவர். அவர் அதை வெளியிட்டதும் மதராஸில் அச்சான ஓர் இதழில்தான். நான்கு ஆண்டுகள் கழித்து 1849-இல் மற்றொன்றை விவரித்தவர் எட்வர்ட் பிளைத். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைக் குறைந்த சம்பளத்தில் பல்லாண்டுகள் காத்தவர். இரண்டு பறவைகளுமே குளிர்கால விருந்தாளிகளாக வந்த இடத்தில்தான் முதன்முதலில் பெயர் பெற்றன. அவற்றின் கூட்டைக் கண்டவர்கள் வேறு நாட்டார்.

அந்தக் கூடுகள் இருக்கும் நிலங்களும் வெவ்வேறு. பிளைத் பால்டிக் நாடுகள், ரஷ்யா, சைபீரியாவின் மேற்குப்பகுதி, மத்திய ஆசியா என்று பரந்த புதர்நிலங்களில் கூடு கட்டுகிறது. கடந்த நூற்றாண்டில் மேற்குப் பக்கம் பரவிப் பரவி ஃபின்லாந்தையும் தன் வீடாக்கிக்கொண்டது. அங்கிருந்து சென்னை சுமார் 6,800 கிலோமீட்டர். ஐரோப்பாவில் கூடு கட்டும் மற்ற நாணல் கதிர்க்குருவிகள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவுக்குப் போகும்போது இது இந்தியாவுக்குத் திரும்புகிறது. வயல் கதிர்க்குருவியும் அப்படித்தான். கருங்கடல் கரையில் பல்கேரியா, ருமேனியாவின் நாணல் ஏரிகள் தொடங்கி, கஸாக்ஸ்தான் புல்வெளிகளின் நீர்நிலைகள், மேற்குச் சீனம் வரை, தண்ணீருக்கு மேல் நாணல் தண்டுகளைச் சேர்த்துப் பின்னிக் கிண்ணமாகக் கூடு கட்டும். ஆப்பிரிக்கா அருகில் இருந்தும், கருங்கடல் கரைப் பறவை கிழக்கே திரும்பித் தெற்காசியாவுக்கு வருகிறது. கூட்டிலும் நாணல், குளிர்காலத்திலும் நாணல். புறப்படும் இடம், சேரும் இடம் இரண்டிலும் ஈரநிலத்தையே நம்பியிருக்கும் பறவை அது. புதர் எங்கே இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும் பிளைத்துக்கு அந்த நெருக்கடி இல்லை.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஏரிகளைத் தூர்வாரும்போது கரையோரச் சம்பையும் கோரையையும் அடியோடு வழித்தெடுத்துவிடுகிறோம். தண்ணீர் நிற்க இடம் வேண்டும், ஆயக்கட்டு விவசாயிக்கு அது உயிர்ப் பிரச்சினை. சம்பு கட்டுக்கடங்காமல் போனால் ஏரியையே மூடிவிடும் என்பதும் உண்மை. நான் தூர்வாருவதற்கு எதிரி அல்ல. ஆனால் கலங்கல் பக்கமோ, தண்ணீர் ஆழமில்லாத மூலையிலோ ஒரு பட்டையை மட்டும் தொடாமல் விட்டுவைக்கலாமே என்று நீர்வளத்துறையிடமும் ஊராட்சியிடமும் கேட்கும்போது, ‘அங்கே என்ன இருக்கிறது?’ என்று திருப்பிக் கேட்பார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததற்குப் பின்னால், அங்கே எந்தெந்தப் பறவை எந்தெந்த மாதத்தில் இருக்கிறது என்று பல ஆண்டுகள் சலிக்காமல் எழுதிவைத்தவர்களின் உழைப்பும் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சிற்றேரிக்கு அப்படி எழுதிவைக்க உங்களைத் தவிர ஆள் கிடையாது.

அங்கேதான் இந்தப் பெயர்க் குழப்பம் வந்து இடிக்கிறது. கருவேலத்தில் இருந்த பிளைத்தையெல்லாம் வயல் கதிர்க்குருவி என்று நாம் எழுதிக்கொண்டே போனால், அந்தப் பறவை வரப்பு, வேலி, தோப்பு எங்கும் இருப்பதாகத் தரவு சொல்லும். கோரை போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்று அந்தத் தரவை வைத்தே ஒருவர் வாதிடலாம், அவரைக் குறைசொல்லவும் முடியாது. மாறாக, சம்புக்குள் இருந்த வயல் கதிர்க்குருவியைப் பழக்கத்தில் பிளைத் என்று எழுதினால், அந்தச் சம்புப் பட்டையைக் காக்கச் சொல்ல நம் கையில் இருந்த ஒரே சாட்சியை நாமே அழித்தவர்களாவோம். இரண்டு தவறும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன.

ஆகவே, இந்தப் பொங்கலுக்கு உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

கதிர்க்குருவி என்று மட்டும் தெரிகிறது, எந்த இனம் என்று தெரியவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். நாம் பட்டியல்களை ஏற்றும் இபேர்ட் தளத்தில் இனம் குறிப்பிடாமல் பதிவதற்கு இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது அறியாமையின் அடையாளம் அல்ல. பட்டியல்களைச் சரிபார்ப்பவர்கள் அப்படிப்பட்ட பதிவைக் கண்டால் மகிழ்கிறார்கள். எண்ணிக்கை கூட வேண்டும் என்பதற்காக இனத்தைப் பிரிக்காதீர்கள். மாணவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்: ‘தெரியவில்லை’ என்று எழுதிய பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டுங்கள்.

வயல் கதிர்க்குருவி என்று எழுதினால் குறிப்பில் இரண்டு வரி சேருங்கள். எந்தத் தாவரத்தில் இருந்தது, காலடியில் தண்ணீர் இருந்ததா, புருவம் கண்ணுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் போனது, அலகு நுனி எப்படி இருந்தது, என்ன கூப்பிட்டது. படம் மங்கலாக இருந்தாலும் ஏற்றுங்கள். பிளைத்துக்கு இவ்வளவு தேவையில்லை என்றாலும், கேட்டு எழுதியதா பார்த்து எழுதியதா என்று குறித்துவிட்டால் நன்று.

கைபேசியில் ஒலியைப் பதியுங்கள். பறவை தெரியாமல் ஒளிந்தாலும் குரல் ஒளியாது. காற்று இல்லாத அதிகாலையில் ஒரு நிமிடப் பதிவு போதும். மெர்லின் போன்ற செயலி ஒரு பெயரைக் காட்டினால் அதைத் தேடலின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சொடுக்கை மட்டும் கேட்டுக் கதிர்க்குருவிகளைப் பிரிப்பது மனிதக் காதுக்கே கடினமான வேலை. செயலி சொன்னதை மட்டும் நம்பிப் பட்டியலில் பறவையைச் சேர்க்க வேண்டாம். ஒலியை இயக்கிப் பறவையை வெளியே வரவழைப்பதையும் தவிர்த்துவிடுங்கள். தனக்கென ஒரு துண்டு நிலத்தைக் காத்து, திரும்பும் பயணத்துக்கு உடலைத் தேற்றிக்கொண்டிருக்கும் பறவையை வீணாக அலைக்கழிக்க வேண்டியதில்லை.

இருநோக்கி இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். சம்புக்கரையில் உட்காருங்கள், நிற்க வேண்டாம். வெயில் முதுகில் படும்படி இடம் பாருங்கள். ஒரு இடைவெளியைத் தேர்ந்தெடுத்து, தண்டும் தண்ணீரும் சேரும் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். வயல் கதிர்க்குருவி அந்தக் கோட்டுக்குச் சற்று மேலேதான் நடமாடும். அது ஒரு தண்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் அந்த நொடியில் முகத்தை மட்டும் பாருங்கள், மற்றவற்றை அடுத்த தாவலுக்கு விட்டுவிடுங்கள்.

நீங்கள் கணக்கெடுக்கப் போகும் ஏரியில் சம்போ கொறுக்கையோ எந்தப் பக்கம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் பட்டியலின் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். பறவை கிடைக்காவிட்டாலும் அந்த வரியை எழுதுங்கள்.

அன்புடன்,
செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிக்கரைகளில் உங்களோடு நடக்கும் ஒருவர்